மோட்டார் வண்டியில் குளிர்காற்று

பல ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் ஒரு பழைய யப்பானிய மோட்டார் வண்டி இருந்தது. தானாகவே கியர் மாறும் வகையைச் சேர்ந்தது அது. ஓடும்போது அதன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. வீதிச் சந்தியிலே நிறுத்திவிட்டு, வெயில் பொறுக்கமாட்டாமல் ஏ.சி. எனப்படும் வளிச்சீராக்கியின் பொத்தானை அமுக்கினால் மட்டும் எஞ்சின் ஒருமுறை நடுங்கும், இரண்டு தடவை இருமும், பின்னர் நின்றுவிடும். பின்னால் நிற்கும் வண்டிகள் எல்லாம் ஒருங்கே குழல் ஊதத் தொடங்கும்.

ஒரு கராஜுக்குக் கொண்டுசென்றேன். குளிர்வாயுவை அமுக்கி அனுப்பும் கொம்பிறெசர் பழுதாகிவிட்டது என்றார்கள். இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேலே செலவிட்டு அதை மாற்றினேன். மூன்றாம் நாள், அதே சந்தியில், அதே இருமலுடன் வண்டி நின்றது. மீண்டும் கொண்டுசென்றபோது ஒரு திருகாணியைச் சிறிது முறுக்கி, எஞ்சினின் ஓட்டத்தைக் கூட்டிவிட்டார்கள். அதன்பின் வண்டி நிற்கவில்லை. நானும் நிம்மதியடைந்தேன்.

அந்த நிம்மதி ஒரு வாரமே நீடித்தது. ஒருநாட் காலை பாடசாலை வாயிலில், பிள்ளைகள் வீதியைக் கடக்கும் வேளையில், பிறேக்கிலிருந்து காலைச் சற்றே தளர்த்தினேன். ஓட்டம் கூட்டப்பட்டிருந்த எஞ்சின் வண்டியை முன்னே தள்ளிவிட்டது. புத்தகப் பையுடன் சென்ற ஒரு சிறுவன் துள்ளி விலகினான். அவனுக்கு ஒன்றும் நேரவில்லை. ஆயினும் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நான் கலைப் பட்டதாரி, சரித்திரம் கற்பித்தவன். இயந்திர நுட்பம் அறியேன். ஆகவே, எனக்குத் தெரிந்த வழியிலேயே இதை ஆராயத் தலைப்பட்டேன். இந்தத் தொல்லை எக்காலத்தில், எவ்விடத்தில் தோன்றியது? அதை நீக்க முன்னோர் செய்தவை யாவை? இக்கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளையே இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வண்டி அசையாது நிற்க, எஞ்சின் மட்டும் மெல்ல ஓடும் நிலையைக் கராஜ்காரர் 'ஐட்லிங்' என்பர். அந்நிலையில் எஞ்சின் பெரும்பாலும் நிமிடத்துக்கு 600 முதல் 850 வரையான சுற்றுகளே சுற்றும். அதற்குக் காற்றுச் செல்லும் வழியில் உள்ள தகட்டுக் கதவு ஏறக்குறைய மூடியே இருக்கும். உள்ளே செல்லும் காற்றும் பெற்றோலும், எஞ்சின் தன் உராய்வை வென்று தன்னைத் தானே சுழற்றிக்கொள்ளப் போதுமான அளவே. வீட்டில் உள்ளவர்களுக்கு மட்டும் அரிசியை அளந்து உலையில் இட்ட இல்லத்தரசியை நினைத்துப் பாருங்கள். அந்நேரம் சொல்லாமல் ஒரு விருந்தாளி வந்து திண்ணையில் அமர்ந்தால் அவள் நிலை என்னவாகும்? வளிச்சீராக்கியின் கொம்பிறெசர் அத்தகைய விருந்தாளி. எஞ்சினோடு வாரினாற் பிணைக்கப்பட்ட அது, சில குதிரைவலுவை எஞ்சினிடமிருந்தே பெறுகிறது. நெடுஞ்சாலையில் விரையும்போது அந்தச் சில குதிரைவலு ஒரு பொருட்டன்று. நிற்கும்போதோ அதுவே பெருஞ்சுமை.

சுமை கூடிக் குறையும்போது இயந்திரத்தின் வேகத்தை எவ்வாறு நிலைநிறுத்துவது என்ற கேள்வி மோட்டார் வண்டிக்கு மிகவும் முந்தியது. 1788ஆம் ஆண்டில் ஜேம்ஸ் வாட் தம்முடைய நீராவி எஞ்சினில் இரண்டு இரும்புக் குண்டுகளைச் சுழலவிட்டார். வேகம் குறைந்தால் குண்டுகள் தாழும். நீராவி வாயில் திறக்கும். வேகம் மிகுந்தால் அவை விரிந்து உயரும், வாயில் ஒடுங்கும். இத்தகைய ஆளுகைக் கருவிகள் சில வேளை நிலைகொள்ளாமல் ஊசலாடுவதேன் என்பதை 1868இல் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் என்னும் பேரறிஞர் கணித முறையால் ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார்.

மோட்டார் வண்டியில் இந்த ஆளுகையைப் பெரும்பாலும் செலுத்துபவரின் காலே ஏற்றுக்கொண்டது. மேட்டைக் கண்டால் மிதிக்கிறார். பள்ளத்தைக் கண்டால் தளர்த்துகிறார். ஆனால் சந்தியில் வண்டி நிற்கும்போது கால் பிறேக்கில் இருக்கிறது. அப்பொழுது எஞ்சினை ஆள்வது யார்? பழைய வண்டிகளில் காபரேற்றரில் உள்ள ஒரு சிறு திருகாணிதான். அத்திருகாணிக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. ஒரே ஓர் அளவை மட்டுமே அது அறியும்.

இனி விருந்தாளியின் வருகையைப் பார்ப்போம். 1939ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் சிக்காகோ மோட்டார் கண்காட்சியிலே, பக்கார்ட் நிறுவனம் தொழிற்சாலையிலேயே வளிச்சீராக்கி பொருத்தப்பட்ட வண்டியைக் காட்சிக்கு வைத்தது. அதற்கான மேலதிக விலை 274 டொலர். குளிரூட்டும் சுருள் பின்னிருக்கைக்கும் பின்னே, பொருட்பெட்டியின் பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. அதன் கொம்பிறெசருக்குக் கிளச்சு கிடையாது. எஞ்சின் ஓடும்வரை அதுவும் ஓடிக்கொண்டே இருந்தது. குளிர் வேண்டாதவர் எஞ்சினை நிறுத்தி, இறங்கி, மூடியைத் திறந்து, வாரையே கழற்றிவிட வேண்டும். 1941இல் கடிலாக் நிறுவனமும் ஏறத்தாழ 300 வண்டிகளில் இவ்வசதியை அளித்தது. யுத்தம் வந்தது, 1942இல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான மோட்டார் வண்டி உற்பத்தியே நின்றது.

1953இல் கிறைசிலரும் ஜெனரல் மோட்டர்சும் வளிச்சீராக்கியை மீண்டும் கொண்டுவந்தன. மறு ஆண்டு நாஷ் நிறுவனம் வெப்பமூட்டி, காற்றோட்டம், குளிரூட்டி ஆகிய மூன்றையும் ஒரே தொகுதியாக வண்டியின் முன்புறத்தில் அடக்கி, 345 டொலருக்கு விற்றது. அப்பத்தாண்டிலேயே மின்காந்தக் கிளச்சும் பரவியது. பொத்தானை அமுக்கியதும் 'டக்' என்ற ஓசையுடன் கொம்பிறெசர் எஞ்சினோடு இணையும். போதிய குளிர் வந்ததும் தானாகவே விலகும்.

நேயர்களே, நம்முடைய தொல்லை கூர்மையடைந்தது இவ்விடத்திலேதான் என்பது என் கருத்து. பக்கார்ட் வண்டியின் விருந்தாளி வீட்டோடு தங்கிவிட்டவர். அவருக்கும் சேர்த்தே நாள்தோறும் உலை வைக்கலாம். கிளச்சு வந்தபின் விருந்தாளி நினைத்தபோது வருகிறார், நினைத்தபோது போகிறார். சுமை மாறாதிருந்த காலத்தில் திருகாணி போதுமாயிருந்தது. சுமை வந்து போகத் தொடங்கியதும் அது போதாதாயிற்று.

இதற்குக் கண்ட பரிகாரம் எளிமையானது. விருந்து வருமுன் வீட்டுக்குச் சொல்லியனுப்பினாற் போதும். ஏ.சி. பொத்தானை அமுக்கும்போதே ஒரு மின்காந்தக் கருவியோ, எஞ்சினின் உறிஞ்சு விசையால் இயங்கும் ஒரு சிறு சவ்வுப் பெட்டியோ காற்றுக் கதவைச் சிறிது திறந்துவிடும்படி அமைத்தார்கள். காபரேற்றர் கொண்ட யப்பானிய வண்டிகளில் இந்தச் சவ்வுப் பெட்டியைப் பலர் கண்டிருப்பீர்கள். 'ஐடில்-அப்' என்பது அதன் பெயர்.

அதன்பின் மின்னணுக் காலம் வந்தது. 1967இல் பொஷ் நிறுவனம் மின்னணு முறையிலான பெற்றோல் தெளிப்பை வொக்ஸ்வாகன் வண்டியில் அறிமுகஞ் செய்தது. 1979இல் பெற்றோல் தெளிப்பையும் தீப்பொறியையும் ஒரே கணினியின் ஆட்சிக்குள் கொண்டுவந்தது. இக்காலத்து வண்டியில் ஏ.சி. பொத்தான் கொம்பிறெசரை நேரே இயக்குவதில்லை. அது கணினியிடம் ஒரு விண்ணப்பம் செய்கிறது. கணினி முதலில் காற்றைச் சற்றே கூட்டுகிறது. பின்னரே கிளச்சை இணைக்கிறது. அதன் பின்னும் சுற்றுகளை எண்ணிக் குறை இருந்தால் திருத்துகிறது. வாட்டின் குண்டுகள் வேகம் தளர்ந்த பின்னரே திருத்த வல்லவை. கணினியோ தளர்ச்சி வருமுன்பே காக்கவும் வல்லது.

இச்சரித்திரத்தை அறிந்தவர், பழுதை எவ்வரிசையில் தேடவேண்டும் என்பதையும் அறிந்தவராவார்.

முதலாவது, வளிச்சீராக்கியை நிறுத்திவிட்டு, சூடேறிய எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டுக் கேளுங்கள். அப்பொழுதே அது தடுமாறுமானால் வளிச்சீராக்கியின்மேற் பழி சுமத்துவது தகாது. கரி படிந்த காற்று வழி, தேய்ந்த தீப்பொறிக் கட்டைகள், எங்கோ காற்றை உள்ளே விடும் வெடித்த குழாய் ஆகியவற்றையே தேடவேண்டும். சுற்றுமானி முள் அசையாதிருக்க, உடல் மட்டும் நடுங்குமானால், எஞ்சினைத் தாங்கும் இறப்பர்த் தாங்கிகள் நைந்திருக்கக்கூடும்.

இரண்டாவது, ஏ.சி. இன்றி நன்றாக ஓடிய எஞ்சின், பொத்தானை அமுக்கியதும் தளர்ந்து, மீண்டும் எழாவிட்டால், சொல்லியனுப்பும் வழியை ஆராயுங்கள். பழைய வண்டியாயின் சவ்வுப் பெட்டியும் அதன் குழாயும். புதிய வண்டியாயின் கரி படிந்த ஐட்லிங் வால்வு அல்லது காற்றுக் கதவு, கணினிக்குச் செல்லும் மின்கம்பி என்பன முதலிற் பார்க்கத்தக்கன.

மூன்றாவது, செய்தி ஒழுங்காகச் சென்றும் எஞ்சின் திணறினால், சுமையே அளவு மீறியிருக்கலாம். தொடக்கத்தில் நன்றாயிருந்து, சந்தியில் சில நிமிடம் நின்றபின் திணறி, வண்டி ஓடத் தொடங்கியதும் தெளிந்தால், ரேடியேற்றருக்கு முன்னே நிற்கும் கொண்டென்சரில் தூசி அடைத்திருக்கிறதா, அதன் மின்விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். வெப்பம் வெளியேறாதபோது வாயுவின் அமுக்கம் ஏறும். அமுக்கம் ஏற ஏறக் கொம்பிறெசரைச் சுழற்றுவது கடினமாகும். வாயுவை அளவுக்கு மேல் நிரப்பினாலும் விளைவு அதுவே.

நான்காவது, கிளச்சு சில விநாடிகளுக்கு ஒருமுறை இணைந்தும் விலகியும், எஞ்சினின் ஓட்டமும் அதனோடு ஏறி இறங்கினால், வாயு கசிந்து குறைந்திருக்கக்கூடும். கொம்பிறெசரே பழுது என்ற தீர்ப்பை இவையெல்லாம் பார்த்த பின்னரே வழங்கவேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. எஞ்சின் ஓடும்போது வாருக்கும் விசிறிக்கும் அருகே கை கொண்டுசெல்லலாகாது. மின்விசிறி முன்னறிவிப்பின்றிச் சுழலும். வாயுவை வீட்டில் திறந்துவிடவுங் கூடாது. பழைய வண்டிகளில் இருந்த வாயு, பூமியைக் காக்கும் ஓசோன் படையை அரிப்பது என்பதை 1974இல் மொலினா, றோலண்ட் ஆகிய இரு விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினர்; 1987இல் மொன்றியல் உடன்படிக்கை அதற்குக் கட்டுப்பாடு வகுத்தது. பின்வந்த வாயுவும் பூமியின் வெப்பத்தை மிகுவிப்பதே. அமுக்கமானியும் பயிற்சியும் உள்ளவரிடமே அவ்வேலையை ஒப்படைத்தல் வேண்டும்.

இனி என் வண்டிக்கு வருகிறேன். அயலூரில் முதியவரான ஒரு மெக்கானிக் இருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் முதலில் கூட்டியிருந்த திருகாணியைப் பழைய அளவுக்குக் குறைத்தார். ஏ.சி. இன்றி எஞ்சின் சீராக ஓடியது. பொத்தானை அமுக்கச் சொன்னார். இருமத் தொடங்கியதும் குனிந்து காது கொடுத்தார். மெல்லிய சீறல் ஒன்று கேட்டது. சவ்வுப் பெட்டிக்குச் செல்லும் விரல் நீள இறப்பர்க் குழாய் வெயிலிலும் சூட்டிலும் வெடித்திருந்தது. ஏ.சி. இல்லாத நேரத்தில் அக்குழாய்க்கு உறிஞ்சு விசையே செல்வதில்லை. ஆகவே குறையும் தெரியவில்லை. பொத்தானை அமுக்கியதும் கதவும் திறப்பதில்லை. வெடிப்பின் வழியே வேண்டாத காற்றும் உட்புகுந்து எஞ்சினை மேலும் தளர்த்தியது.

"அதிபர் ஐயா, கொம்பிறெசரில் ஒரு பிழையும் இருந்ததில்லை. சொல்லியனுப்பின ஆள் வழியிலே விழுந்து கிடந்திருக்கிறான்" என்றார் அவர். புதிய குழாய்க்கும் கூலிக்குமாக அவர் வாங்கிய தொகை, நான் முன்னர் செலவிட்டதில் நூறில் ஒரு பங்கும் வராது.

திருகாணியை முறுக்கியவர்கள் கெட்ட எண்ணத்தோடு முறுக்கவில்லை. வராத விருந்தாளிக்கும் சேர்த்து நாள் முழுவதும் உலை வைத்தார்கள், அவ்வளவே. அதனால் பெற்றோல் வீணாயிற்று. வண்டி அடக்கம் இழந்தது. ஒரு பிள்ளையின் உயிருக்கே அபாயம் நெருங்கியது. பழுதின் ஓசையை அடக்கிவிடுவதைப் பழுது பார்த்தல் என்று கொள்ளலாகாது.

இன்று மின்சாரத்தால் ஓடும் வண்டிகளில் கொம்பிறெசருக்குத் தனி மின்மோட்டார் உண்டு. 2003இல் வெளிவந்த இரண்டாந் தலைமுறைப் பிறியஸ் போன்ற கலப்பு வண்டிகளிலும் அவ்வாறே. அங்கே விருந்தாளி தம் உணவைத் தாமே சமைத்துக்கொள்கிறார். எஞ்சின் முற்றாக நின்றாலும் குளிர்காற்று வீசும். ஆயினும் வாரால் கொம்பிறெசரைச் சுழற்றும் வண்டிகள் இன்னும் எண்ணற்றவை நம் வீதிகளில் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று நாளை உங்களைச் சந்தியில் நிறுத்துமானால், பணப்பையைத் திறக்குமுன் ஏ.சி. பொத்தானை ஒருமுறை நிறுத்தி, எஞ்சினின் ஓசையைச் செவிகொடுத்துக் கேளுங்கள்.