தரங்கம்பாடிச் சுவடியும் கீழாநெல்லியும்

மதுரை செல்லூர்க் கண்மாய்க் கரை போன்ற ஈர நிலங்களில் மழைக்குப்பின் தானே முளைப்பது கீழாநெல்லி. மஞ்சட்காமாலைக்கு அதனை அரைத்துக் கொடுப்பது நம் மக்களின் பழைய வழக்கம். இத்தகைய பூண்டுகளைப் பற்றிய ஆராய்ச்சி இக்காலப் பல்கலைக்கழகங்களில்தான் தொடங்கிற்று என்பாருளர். திருச்சபை வரலாறு பயிலும் நாம் அதன் தொடக்கங்களுள் ஒன்றைத் தரங்கம்பாடியில் காண்கிறோம்.

1709இல் அங்கு வந்த மிஷனெரி கிரண்ட்லர், 1711இல் 'மலபார் மருத்துவர்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஜெர்மன் மொழியில் ஒரு சுவடியை எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். (தமிழரை மலபாரிகள் என்றழைப்பது அக்கால ஐரோப்பியர் வழக்கு.) தமிழ் வைத்தியர்களின் அறிவே அச்சுவடிக்கு அடிப்படை. அவர் காலத்தில் அது அச்சேறவில்லை. கிரண்ட்லரின் பெயரை நம் வகுப்பறைகள் அறியும். அவருக்குச் சொல்லிக்கொடுத்தோரின் பெயர்கள் அங்கு ஒலிப்பதில்லை. இஃது ஒரு குறையே எனக் கருதுகிறோம்.

1768இல் மிஷன் மருத்துவராக வந்த கோனிக், தாவரவியல் அறிஞர் லின்னேயஸின் மாணவர். நம் அடுக்களைக் கறிவேப்பிலையின் தாவரவியற் பெயரில் இன்றும் இவர் பெயரே நிற்கிறது. அப்பெயரை 1771இல் லின்னேயஸ் சூட்டினார். 1776இல் வந்த ராட்லர், 1836இல் மறையும்வரை இந்நாட்டிலேயே உழைத்தார். செடிகளைத் திரட்டிய அதே கைகள் தமிழ்ச் சொற்களையும் அகராதிக்காகத் திரட்டின. அவர் உலர்த்திச் சேர்த்த செடிகள் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தைச் சேர்ந்தன.

கீழாநெல்லிக்கு வருவோம். 1988இல் சென்னை ஆய்வாளர்களும் நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அதனை உண்ட 37 பேருள் 22 பேரின் குருதியில் கல்லீரல் அழற்சி 'பி' கிருமியின் அடையாளப் பொருள் மறைந்தது; வெற்று மருந்து உண்ட 23 பேருள் ஒருவர்க்கே மறைந்தது. ஆயினும் பிற நாடுகளில் நடந்த பின்னைய சோதனைகள் அப்பயனைத் தரவில்லை. எனவே மஞ்சட்காமாலை கண்ட சபையார் பூண்டுச் சாற்றையே நம்பி மருத்துவமனைக்குச் செல்லாதிருப்பின், போதகர் வாளாவிருத்தல் தகாது.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஆற்றல் பற்றி இன்று பெரிதும் பேசப்படுகிறது. இலைச்சாற்றினால் ஊதா நிறக் கரைசல் ஒன்று எவ்வளவு மஞ்சளாகிறது என்பதைக் கொண்டு அதனை அளப்பர். கண்ணாடிக் குழாயில் கண்டது உடலிலும் நிகழும் என்பதற்கு அதுமட்டும் சான்றாகாது. கறிவேப்பிலையிலும் இவ்வாற்றலுடைய பொருள்கள் பலவற்றைக் கண்டறிந்துள்ளனர். அவற்றுள் ஒன்றின் பெயர் கோனிகின்.