ஊர் அமைதியாக இருக்கிறது

பரமக்குடியில் குடியிருக்கிறேன் என்றால் வெளியூர் நண்பர்கள், "கலவர ஊராச்சே" என்கிறார்கள். உள்ளூர்ப் பெரிய மனிதர்களோ, "அமைதியான ஊர் சார். செப்டம்பர்ல மட்டும்தான் தொந்தரவு" என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் குற்றவாளி நாங்கள்தான்.

வைகைக் கரையில் உள்ள சின்ன நகரம். ஆற்றில் தண்ணி எப்பவாவதுதான் ஓடும். அக்கரையில் எமனேசுவரத்துத் தறிச் சத்தம். சந்தையில் குண்டு மிளகாய் நெடி. மத்தியானம் கடைத்தெருவே தூங்கும். இங்கே வாடகைக்கு வீடு கேட்டுப் போனேன். "சொந்த ஊர் எது, எந்தத் தெரு?" என்று மெதுவாகக் கேட்டார்கள். பதில் சொன்னதும், "எங்க சொந்தக்காரங்க வர்றாங்க தம்பி" என்று அதைவிட மெதுவாகச் சொன்னார்கள். யாரும் குரலை உயர்த்தவில்லை. இதற்குப் பெயர்தான் அமைதி.

இந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. 1957 ஜூலையில் முதுகுளத்தூர் இடைத்தேர்தல் நடந்தது. அதையொட்டி மோதல்கள் கிராமம் கிராமமாகப் பரவின. செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் முதுகுளத்தூரில் அமைதிக் கூட்டம் கூட்டினார். தேவேந்திரர்கள் சார்பில் போனவர்களில் செல்லூர் இம்மானுவேல் சேகரனும் ஒருவர். பட்டாளத்தில் இருந்து வந்தவர். மறுநாள் இரவு இதே பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். 33 வயது நிறைய இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. சமமாக உட்கார்ந்து எதிர்த்துப் பேசியதைப் பொறுக்கவில்லை என்றுதான் எங்கள் ஜனம் இன்றும் சொல்கிறது. கொலை வழக்கில் சேர்க்கப்பட்ட முத்துராமலிங்கத் தேவர் 1959இல் விடுதலையானார். அந்த ஆண்டு நடந்த அத்தனைக்கும் 'முதுகுளத்தூர் கலவரம்' என்று பெயர் வைத்தாயிற்று. அந்தப் பெயருக்குள் ஒரு படுகொலை காணாமல் போனது.

எங்க அப்பத்தா சொல்லும்: "அன்னைக்கு ராத்திரிக்கப்புறம் தெருவுல வெளக்கே ஏத்தலப்பா. புள்ள அழுதா வாயப் பொத்துவோம். அம்புட்டு அமைதி."

2010இல் அவர் படத்தோடு தபால்தலை வந்தது. அடுத்த ஆண்டு, 2011 செப்டம்பர் 11, நினைவு நாள். ஜான் பாண்டியனை வழியிலேயே கைது செய்ததை எதிர்த்து ஐந்துமுனையில் ஜனம் மறியலில் உட்கார்ந்தது. போலீஸ் சுட்டது. 6 உயிர்கள் போயின. விசாரித்த நீதிபதி சம்பத் ஆணையம் சுட்டது சரியென்றது. கடைகள் திறந்தன, பஸ் ஓடியது. ஊர் அமைதிக்குத் திரும்பிவிட்டது என்றார்கள்.

வருடத்தில் ஒரு நாள் எங்கள் பெண்கள் முளைப்பாரியும் பால்குடமும் சுமந்து நடுரோட்டில் நடக்கிறார்கள், சத்தமாகப் பேசுகிறார்கள். அதற்குத்தான் தடை உத்தரவு போடுகிறார்கள். மற்ற நாளெல்லாம் ஊர் அமைதியாக இருக்கிறது. யார் வாயைப் பொத்தி வந்த அமைதி இது என்று எழுதாமல் இந்த ஊரின் வரலாற்றை யாரும் எழுதிவிட முடியாது.