சாம்பலுக்குக் கீழே

அலாஸ்காவின் தெற்கே, பசிபிக் கடலில், கோடியாக் என்று ஒரு தீவு இருக்கிறது. மழை, மூடுபனி, சால்மன் மீன், ஆளை மிரட்டும் அளவுக்குப் பெரிய பழுப்புக் கரடிகள். கோடையில் அங்கே போனால் பள்ளிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் ஈர மண்ணில் மண்டியிட்டுச் சுரண்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று நூல் கட்டிப் பிரித்த சதுரங்கள். ஆளுக்கொரு கொத்தனார் கரண்டி, ஒரு வாளி.

புல்வேரை வெட்டித் தூக்கியதும் முதலில் வருவது வெளிறிய சாம்பல். 1912 ஜூன் மாதம் கடலுக்கு அந்தப் பக்கம் நோவருப்டா எரிமலை வெடித்தது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய எரிமலை வெடிப்பு அது. கோடியாக் ஊர் கிட்டத்தட்ட மூன்று நாள் பகலிலும் இருட்டாகவே கிடந்தது. ஓர் அடி உயரத்துக்குச் சாம்பல் படிந்தது. அன்று ஊரைப் படுத்திய சாம்பல், இன்று அகழாய்வு முகாமுக்கு வசதியாகப் போய்விட்டது. புதிதாக வருகிறவர்கள் கற்கும் முதல் பாடமே இதுதான்: சாம்பலுக்கு மேலே கிடப்பது 1912க்குப் பின்னால் வந்தது, கீழே கிடப்பது அதற்கு முன்பே அங்கே இருந்தது. வரலாற்றுப் பாடத்தில் மனப்பாடம் செய்த வருஷங்களை எல்லாம் மறந்துவிடலாம். விரலால் தொட்டுப் பார்த்த இந்தக் கோடு மறக்காது.

அந்தக் கோட்டுக்குக் கீழே சுமார் 7,500 ஆண்டு வாழ்க்கை இருக்கிறது. தீவின் பூர்வகுடிகளுக்கு அலூட்டிக் என்று பெயர். சுக்பியாக் என்றும் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளே அவர்களுடைய வரலாற்றைத் தோண்டுகிறார்கள், இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கரண்டி வேறு ஆள் கையில் இருந்தது. அது கைமாறிய கதையைத்தான் சொல்ல வருகிறேன்.

*

1784இல் கிரிகோரி ஷெலிகோவ் என்ற ரஷ்ய வணிகர் பீரங்கிகளோடு கோடியாக்குக்கு வந்தார். சிட்கலிடாக் தீவை ஒட்டிய ஒரு பாறைத்திட்டில் அலூட்டிக் குடும்பங்கள் ஒதுங்கியிருந்தன. அவருடைய ஆட்கள் அதைத் தாக்கினார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். அந்த இடத்தை அலூட்டிக் மொழியில் ‘அவாஉக்’ என்கிறார்கள். மரத்துப்போதல் என்று பொருள். காலப்போக்கில் அந்தப் பாறை எங்கே இருக்கிறது என்பதுகூட மங்கிப்போய், 1990களின் தொடக்கத்தில் தொல்லியலாளர்கள் தேடித்தான் அடையாளம் கண்டார்கள்.

பிறகு வந்ததெல்லாம் வேகமாக வந்தது. கடல்நீர்நாய்த் தோலுக்காகக் கட்டாய வேட்டை. 1830களின் இறுதியில் பெரியம்மை. 1867இல் ரஷ்யா அலாஸ்காவை அமெரிக்காவுக்கு விற்றது. அமெரிக்கப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. அடி வாங்கி வளர்ந்தவர்களில் பலர் தங்கள் பிள்ளைகளிடம் அந்த மொழியைப் பேசவில்லை. நாம் பட்டது போதும், இதுகளாவது தப்பட்டும் என்ற நினைப்பு. மொழி அப்படித்தான் வீட்டுக்குள்ளேயே அடங்கிப்போனது.

இந்த மௌனத்துக்கு நடுவில்தான் 1930களில் அலெஷ் ஹெர்ட்லிச்கா வந்தார். வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உடல்மானிடவியல் பொறுப்பாளர். லார்சன் பே என்ற சிறிய மீனவ ஊரின் பக்கத்தில் பல கோடைகள் தோண்டினார். புதைக்கப்பட்டிருந்த நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகளையும் ஆயிரக்கணக்கான பொருள்களையும் கப்பலேற்றி வாஷிங்டனுக்குக் கொண்டுபோனார். மண்டையோடுகளை அளந்து பார்த்து, கீழ்மண்ணில் கிடந்தவர்கள் ஒரு கூட்டம், மேல்மண்ணில் கிடந்தவர்கள் பின்னால் வந்த வேறொரு கூட்டம் என்று எழுதிவைத்தார். அதாவது, ஊரில் இன்று நடமாடுகிறவர்களுக்கும் அடியில் கிடந்தவர்களுக்கும் சம்பந்தம் இல்லை.

அறிவியல் கட்டுரையில் இது ஒரு கருதுகோள். ஊரில் இது வேறு. ‘நீ இந்த இடத்துக்காரன் இல்லை’ என்று ஒருவனிடம் சொல்வதற்குச் சமம். அதன் விலை அரை நூற்றாண்டு கழித்துத்தான் தெரிந்தது. 1980களின் பிற்பகுதியில் லார்சன் பே மக்கள் எங்கள் முன்னோர்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டபோது, அவர்கள் உங்கள் முன்னோர்கள்தானா என்ற கேள்வி திரும்பி வந்தது. கேள்விக்கு ஆதாரம் அதே பழைய ஆய்வு. ஊர் விடவில்லை. 1991இல் 750க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் லார்சன் பேக்குத் திரும்பி வந்தன. ஆர்த்தடாக்ஸ் பாதிரியார்கள் பிரார்த்தனை செய்ய, மறுபடியும் மண்ணுக்குள் வைத்தார்கள்.

*

இவ்வளவும் நடந்த ஊரில் தொல்லியல் என்றாலே மக்கள் முகம் சுளித்திருக்க வேண்டும். ஆனால் வேறொன்று நடந்தது.

1983இல் ரிச்சர்ட் ஜோர்டன் என்ற தொல்லியலாளர் தன் மாணவர்களோடு கார்லுக் ஆற்று முகத்துவாரத்தில் தோண்ட ஆரம்பித்தார். அங்கே ஒரு பழைய குடியிருப்பு, வீட்டின் மேல் வீடாக, பல நூற்றாண்டு அடுக்கடுக்காகப் புதைந்திருந்தது. மண்ணுக்குள் நன்னீர் ஊறிக்கொண்டே இருந்ததால் மரமும் புல்லும் மக்கவில்லை. கூடைகள், முகமூடிகள், பொம்மைகள், விளையாட்டுக் காய்கள் என்று 20,000க்கும் மேற்பட்ட பொருள்கள் கிடைத்தன. ஆறும் கடலும் கரையை அரித்துக்கொண்டிருந்தன, தோண்டாவிட்டால் எல்லாம் தண்ணீரோடு போயிருக்கும்.

பொருள்கள் வந்துவிட்டன. சிலவற்றைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று படித்தவர்களுக்குத் தெரியவில்லை. ஊர்ப் பெரியவர்களிடம் காட்டினார்கள். அவர்களுக்குத் தெரிந்தது. கல்லூரிக்காரர்கள் தோண்டி எடுத்ததற்கு ஊர்க்கிழவர்கள் பொருள் சொன்னார்கள். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படும் இடம் இதுதான். மண்ணிலிருந்து பொருளைத்தான் எடுக்க முடியும். அதன் பெயர் யாராவது ஒருவர் வாயில்தான் இருக்கிறது. மண்ணும் வாயும் ஒரே இடத்தில் சந்திக்காவிட்டால் கிடைப்பது வெறும் மரத்துண்டு.

ஜோர்டனும் அவரோடு வேலை செய்த ரிக் நெக்ட்டும் வேறொன்றையும் சொன்னார்கள். பழக்கங்கள் மாறியிருக்கின்றன, வீடுகள் பெரிதாகியிருக்கின்றன. ஆனால் ஒரு கூட்டம் அழிந்து இன்னொரு கூட்டம் வந்ததாகத் தெரியவில்லை, ஒரே மக்கள்தான் காலத்தோடு மாறி வந்திருக்கிறார்கள் என்றார்கள். ஹெர்ட்லிச்கா அறுத்துப்போட்ட கயிற்றைத் தொல்லியலே முடிச்சுப் போட்டது.

*

அடுத்த திருப்பம் ஒரு விபத்திலிருந்து வந்தது. 1989 மார்ச்சில் எக்ஸான் வால்டெஸ் என்ற எண்ணெய்க் கப்பல் பாறையில் மோதி, 1 கோடி கேலனுக்கும் மேலான கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. கோடியாக் கரைகளிலும் எண்ணெய் ஒதுங்கியது. துப்புரவுக் கூட்டம் போய்வந்த கடற்கரைகளில் தொல்லியல் இடங்கள் மிதிபட்டன, சில இடங்களில் பொருள்கள் திருடுபோயின. அந்த விபத்துக்காகக் கிடைத்த இழப்பீட்டு நிதியிலிருந்து 15 லட்சம் டாலர் ஒதுக்கி, அலூட்டிக் அமைப்புகள் 1995இல் கோடியாக்கில் அலூட்டிக் அருங்காட்சியகத்தைத் திறந்தன. கார்லுக்கில் கிடைத்தவை இன்று அங்கேதான் இருக்கின்றன, வாஷிங்டனில் இல்லை.

1997 முதல் அந்த அருங்காட்சியகம் கோடைதோறும் ஊர்மக்களைச் சேர்த்துக்கொண்டு தோண்டுகிறது. மாணவர்களுக்கு இது பாட மதிப்பெண்ணாகவும் சேரும். வேலை சினிமாவில் வருவதுபோல் இருக்காது. ஒரு நாள் முழுக்கச் சுரண்டினால் சில அங்குலம் இறங்கலாம். கூழாங்கல்லின் இரண்டு பக்கமும் லேசாகத் தட்டி எடுத்த வெட்டு தெரிந்தால் அது வலைக்குண்டு. மண் செக்கச்செவேலென்று மாறினால் செங்காவி தூவிய பழைய வீட்டுத் தரை. கரித்துண்டு கிடைத்தால் கை படாமல் பொதிந்து வைக்க வேண்டும், காலத்தைக் கணிக்க அது வேண்டும். பொருளை எடுப்பதற்கு முன்னால் எங்கே, எத்தனை ஆழத்தில் கிடந்தது என்று எழுத வேண்டும். எழுதாமல் எடுத்தால் அது திருட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

சூட்டில் வெடித்த கற்கள் குவியலாகக் கிடைக்கும். வெளியூர் ஆளுக்கு அது சும்மா கல். கோடியாக் கிராமத்துப் பிள்ளைக்கு அப்படி இல்லை. அதன் வீட்டுக்குப் பக்கத்திலேயே நீராவிக் குளியலறை இருக்கும். அங்கே கல்லைச் சுடவைத்துத் தண்ணீர் ஊற்றினால் கல் வெடிப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறது. அரைநிலா வடிவத்தில் தேய்த்த பலகைக்கல் கத்தி கிடைத்தால், அடுப்படியில் பாட்டி மீன் அறுக்கிற அதே ‘உலுகாக்’தான் அது. இன்று இரும்பில் செய்கிறார்கள், அவ்வளவுதான். நம் வீட்டு அரிவாள்மனை ஆயிரம் வருஷத்து மண்ணிலிருந்து வெளியே வந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

*

முகாம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று நான் நம்பவில்லை. அலூட்டிக்கைத் தாய்மொழியாகப் பேசும் பெரியவர்கள் வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள். கத்தியைத் தோண்டி எடுக்கலாம், உலுகாக் என்ற சொல்லைத் தோண்டி எடுக்க முடியாது. இதைப் புரிந்துகொண்ட முகாம்தான் பக்கத்துத் தீவில் நடக்கும் ‘டிக் அஃபோக்னாக்’. 1964 மார்ச்சில் வந்த பெரும் பூகம்பமும் ஆழிப்பேரலையும் அஃபோக்னாக் கிராமத்தை வாழ முடியாததாக்கின. மக்கள் போர்ட் லயன்ஸ் என்ற புது ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். அகழாய்வாகத் தொடங்கிய அந்த முகாம், பின்னால் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து தங்கி மீனறுக்கவும் பாடவும் மொழி பழகவும் கூடும் இடமாக வளர்ந்தது. கரண்டியை விடப் பெரியவர்களின் குரல் அவசரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கோடியாக்கில் தோண்ட வருகிற எல்லோரும் அலூட்டிக் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மீன்பதனிடும் ஆலைகளுக்கு வந்த பிலிப்பினோ குடும்பங்கள், கடலோரக் காவல்படைக் குடும்பங்கள் என்று பலரும் அங்கே வாழ்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதே சதுரத்தில் மண்டியிடலாம். தான் நடக்கிற மண்ணுக்கடியில் யாருடைய வீடு இருக்கிறது என்று தெரிந்த பிள்ளை, நாளைக்கு அந்த இடத்தைக் கிண்டிப் பொருள் பொறுக்க வருகிறவனைப் பார்த்துச் சும்மா இருக்காது.

கோடை முடியும்போது தோண்டிய குழியை அதே மண்ணால் மூடுவார்கள். முதல் நாள் வெட்டி எடுத்து ஓரமாக வைத்த புல்தரையை மறுபடி மேலே பரப்பி மிதிப்பார்கள். அடுத்த வசந்தத்தில் புல் பிடித்துவிடும், அங்கே யாரும் தோண்டிய அடையாளமே இருக்காது. பெட்டிகள் மட்டும் ஊருக்குள் இருக்கிற அருங்காட்சியகத்துக்குப் போகும், தீவை விட்டுப் போகாது.