போன வாசல் வழியாக

தலைமன்னார் துறைக்கு வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். அங்கே கோயில் எதுவும் இல்லை. ஒரு பழைய கலங்கரை விளக்கம், சிதைந்துபோன இறங்குதுறை, அதற்கப்பால் கடல். "இங்கதான் புள்ள எங்கள வரிசையா நிக்க வச்சாங்க" என்றாள்.

கொழும்பில் இறங்கி நேரே மலைக்குப் போயிருக்கலாம். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "போன வாசல் வழியாத்தான் திரும்பி வரணும்." 1974இல், பன்னிரண்டு வயதில், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து கோச்சி ஏறி, இந்தத் துறையில் கப்பலேறியவள் அவள். மலையகத்தில் ரயிலுக்குப் பெயர் கோச்சி. இந்தியாவுக்கு ஆள் ஏற்றிப்போன கோச்சிக்கு மட்டும் தனிப்பெயர்: ஒப்பாரிக் கோச்சி. நிலையத்துக்கு நிலையம் அழுகை கேட்கும் என்பாள்.

அந்த அழுகைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. 1948இல் வந்த இலங்கைக் குடியுரிமைச் சட்டம், முன்னோர் அந்தத் தீவில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. தோட்டத்து லயத்தில் பிறந்தவர்களில் எத்தனை பேரிடம் பாட்டனின் பிறப்புச் சான்றிதழ் இருக்கும்? லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர் ஆனார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போனது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974இல் அதையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தாத்தா இந்தியக் கடவுச்சீட்டு வாங்கிய கதையை அம்மா ஒரே வரியில் முடித்துவிடுவாள்: "எங்கள யாரும் கேக்கல."

வேனில் தெற்கே திரும்பினோம். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, மாத்தளை. 19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டத்து வேலைக்காக ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கமிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி நடந்த வழி இது. 100 மைலுக்கும் மேல் காடு. காலரா, பட்டினி, காய்ச்சல். விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். 2023இல், மலையகத்தாரின் 200 வருஷத்தை நினைவுகூர, அவர்களின் பிள்ளைகள் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு இதே மாதிரி நடந்தார்கள்.

அம்மா தூங்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தவள் திடீரென்று, "எங்க அம்மாயியோட அம்மா நடந்து வந்தவங்கதான். நமக்கு ஏசி வேனு" என்றாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

மாத்தளைக்கு மேலே மலை ஏற ஏறக் காடு மறைந்து பச்சை ஒரே மட்டமாக ஆகிறது. 1869இல் கோப்பியில் இலைநோய் கண்டது. சில வருஷங்களில் தோட்டம் தோட்டமாக அழிந்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. வெள்ளைக்காரத் துரைகளின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. காட்டை அழித்ததும், கல்லடுக்கியதும், மழைத்தண்ணி மண்ணை அரிக்காமல் போகக் கான் வெட்டியதும் யார் என்று எழுதிவைக்கவில்லை. அம்மா மலைச்சரிவைக் காட்டி, "அந்தக் கானெல்லாம் எங்காளுங்க வெட்டுனது" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் எனக்குக் கண்ணில் பட்டது. அதுவரைக்கும் அது வெறும் அழகான மலை.

தோட்டத்து வாசலில் அம்மா தயங்கி நின்றாள். "யாருன்னு சொல்லிக்கிட்டுப் போறது?" எனக்கும் பதில் தெரியவில்லை. இங்கே அவளை இந்தியாக்காரி என்றார்கள். கோத்தகிரியில் ஐம்பது வருஷமாக சிலோன்காரி. இங்கேயே தங்கிவிட்டவர்களில் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை கொடுத்தது. போனவர்களுக்கு அதில் இடமில்லை. அம்மாவின் கடவுச்சீட்டில் இருந்தது ஒரு சுற்றுலா விசா.

லயத்துக்குக் கீழே, மலைத்தண்ணீர் விழும் பீலியில் ஒரு வயசான அம்மா குடம் பிடித்துக்கொண்டிருந்தார்.

"யாரத் தேடுறீங்க?"

"நான் இங்க பொறந்தவக்கா. மேட்டு லயம், மூணாவது காம்பரா."

"யாரு புள்ள?"

எனக்குத் திக்கென்றது. 1948இல் அரசாங்கம் கேட்டதும் கிட்டத்தட்ட இதே கேள்வியைத்தான்.

அம்மா தாத்தா பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரில் நாலு பேர் இருந்தார்களாம். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "காமன் கூத்துல ரதி வேசம் கட்டுவாரே, அவரு மவ" என்றாள்.

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. "ரதி மவளா நீ!" 'நீங்க' ஒரு நொடியில் 'நீ' ஆகிவிட்டது. தாத்தா சேலை கட்டி ஆடியதை, மதனை எரித்த ராத்திரி அவர் அழுத அழுகையில் லயமே அழுததை, அந்த அக்கா கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். தாத்தாவை எனக்குத் தெரியும். கோத்தகிரியில் இருமிக்கொண்டே திண்ணையில் கிடந்தவர். அங்கே அவர் ஒருநாள்கூட ஆடியதில்லை.

மூன்றாவது காம்பராவில் இப்போது வேறு குடும்பம். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சாயமும் ரொட்டியும் கொடுத்தார்கள். வீடு யார் பேரில் என்று கேட்டேன். "கம்பெனி பேர்லதாம்மா. இருக்குற வரைக்கும் இருக்கோம்" என்றார் அந்த வீட்டு அண்ணன். இருநூறு வருஷம் மலையை உருவாக்கியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அதில் ஒரு பேர்ச் நிலம் சொந்தமில்லை. அம்மா இழந்தது வீடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். வீடு அவர்களுக்கு எப்போதுமே இருந்ததில்லை. ரதி மகள் என்று சொன்னதும் புரிந்துகொள்கிற ஆட்களைத்தான் அவள் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

கிளம்பும்போது பீலியடி அக்கா வேன் வரைக்கும் வந்தார். "மாசி பொறந்தா கம்பம் நடுவாங்க. வந்துரு."

நுவரெலியா போய்ப் பார்க்கலாம் என்று நான் பேசிக்கொண்டிருந்தேன். அம்மா விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மாசிக்கு இன்னும் எத்தன மாசம் புள்ள?"