நடப்பட்ட இடம்: தகடூர் நாட்டு நடுகற்கள்

‘நடுகல்’ என்பது வினைத்தொகை. நட்ட கல், நடுகின்ற கல், நடும் கல் என்று முக்காலத்துக்கும் விரியும் எனச் சொல்லிவிட்டு, வகுப்பறையில் நாம் அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறோம். கல்லைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. எழுத்தின் காலம், மன்னன் பெயர், ஆட்சியாண்டு, உருவ அமைதி ஆகியவற்றை அறிஞர்கள் நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள். ஆனால் நடுதல் என்னும் வினையைப் பற்றிய பேச்சு குறைவு. ஒரு கல் ஏன் இன்ன இடத்தில் நிறுத்தப்பட்டது, அந்த இடத்தை விட்டு நீங்கினால் அது என்னவாகிறது என்ற கேள்விகளைத் தருமபுரிப் பகுதியில் இருப்பவர்களேனும் கேட்டாக வேண்டும். பழைய தகடூர் நாடு நடுகற்களின் நாடு.

தொல்காப்பியம் புறத்திணையியலில் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலைகளைச் சொல்கிறது. இவற்றின் விளக்கத்தில் உரையாசிரியர்கள் சற்றே வேறுபடுவர் என்றாலும் வரிசை தெளிவானது. கல்லைத் தேர்ந்து காண்பது, அதற்கான வேலையைத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது. செதுக்குதலுக்கென்று இந்த ஆறில் தனிப்பெயர் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. நடுதலுக்கு உண்டு. சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டமும் கண்ணகிக்குக் கல்லெடுத்த செய்தியை இதே வரிசையில்தான் காதைகளாகப் பகுத்துக்கொள்கிறது. சிற்பியின் உளியைவிட, ஊர் கூடி நின்று ஒரு கல்லை நிலத்தில் ஊன்றும் செயலே நம் முன்னோருக்கு முதன்மையாகப் பட்டிருக்கிறது.

தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் நடுகல் எடுக்கப்பட்டது. அதற்குப் பீலி சூட்டி, சிறு கலத்தில் கள்ளை வார்த்துப் படைத்ததை ஔவையார் புறநானூற்றில் (232) பாடுகிறார். மலையுடன் கூடிய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இந்தச் சிறு கலத்துக் கள்ளைக் கொள்வானோ என்று அவர் கலங்குகிறார். அந்தப் பாட்டு நமக்குக் கிடைத்தது. அந்தக் கல் கிடைக்கவில்லை. அது நின்ற இடமும் தெரியவில்லை.

இந்தப் பகுதியில் ஏன் இத்தனை நடுகற்கள்? விடை நிலத்தில் இருக்கிறது. மலைகளும் வறண்ட காடுகளும் மேய்ச்சல் வெளிகளும் நிறைந்த மேட்டுநிலம் இது. நெல் விளையும் ஆற்றங்கரை ஊர்களில் நிலம் செல்வம் என்றால், இங்கே மாடுதான் செல்வம். பகைவரின் ஆநிரையைக் கவர்வது வெட்சி, அதை மீட்பது கரந்தை என்று இலக்கணம் வகுத்த வாழ்க்கை இங்கே நூற்றாண்டுக் கணக்கில் நீடித்தது. பல்லவர், கங்கர், வாணர், நுளம்பர் என்று பல அரசுகளின் எல்லைகள் உரசிக்கொண்ட இடமும் இதுவே. நிரை கவர்ந்தும் மீட்டும் மாண்டவர்களுக்கு எல்லைப்புறத்து ஊர்கள் கல் எடுத்துக்கொண்டே இருந்தன. அண்டையிலுள்ள செங்கம் வட்டாரமும் இத்தகையதே. அங்குள்ள கற்களை இரா. நாகசாமி தொகுத்துச் ‘செங்கம் நடுகற்கள்’ என்று 1972இல் நூலாக்கினார்.

இக்கற்களில் பழையன பலவும் வட்டெழுத்தில் அமைந்தவை. மன்னன் பெயர், ஆட்சியாண்டு, ஊர், வீரன் பெயர், ‘தொறு’ என்னும் ஆநிரையைக் கொண்டது அல்லது மீட்டது, இறுதியில் ‘பட்டான்’ என்ற ஒற்றைச் சொல். இவ்வளவுதான் வாசகம். மாண்டான் என்பதற்கு மேல் புலம்பல் எதுவும் இல்லை. செங்கம் பகுதி எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்றில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். அது கள்வரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியையும் எழுத்து சொல்கிறது. ஆனால் எந்தக் கல்லும் ‘இவ்வழியே வந்தார்கள்’ என்று சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லை. கல் நிற்கும் இடமே அந்த வாக்கியம். அகநானூற்றின் பாலைப் பாடல்களில் வழிப்போக்கர் காணும்படி பாதையோரம் நடுகற்கள் நிற்பது தற்செயலன்று.

இன்றைய கலையுலகம் வேறு வழியில் இந்த உண்மைக்கு வந்து சேர்ந்தது. 1968இல் ஜப்பானின் கோபே நகரப் பூங்கா ஒன்றில் நொபுவோ செக்கினே என்ற சிற்பி, 2.7 மீட்டர் ஆழமும் 2.2 மீட்டர் விட்டமும் கொண்ட வட்டக் குழியைத் தோண்டி, எடுத்த மண்ணை அதே அளவில் உருளையாக அருகில் நிறுத்தினார். கண்காட்சி முடிந்ததும் மண் குழிக்குள் திரும்பியது. அதை வேறோர் இடத்துக்கு எடுத்துச்செல்வது என்ற பேச்சுக்கே பொருளில்லை. நியூயார்க்கில் ரிச்சர்ட் செர்ரா ஒரு சதுக்கத்துக்கென்றே செய்த நீண்ட இரும்புச் சுவர் 1981இல் நிறுவப்பட்டது. அங்கே பணிபுரிந்தோர் பலரும் அதை எதிர்த்தனர். இடம் மாற்றினால் அது அழிந்துவிடும் என்று செர்ரா வாதிட்டார். வழக்குகளுக்குப் பிறகு 1989இல் அது துண்டாக்கப்பட்டுக் கிடங்குக்குப் போனது. நடுகல்லை எழுப்பியவர்கள் இந்த வாதத்தை ஒரு நொடியில் புரிந்துகொண்டிருப்பார்கள்.

தருமபுரி நகரில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசையைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஏரிக்கரையில் துணி துவைக்கும் கல்லாகவும், பாலத்தின் அடிக்கல்லாகவும், சாலை விரிவாக்கத்தில் சல்லியாகவும் போயிருக்கக்கூடியவை அங்கே எழுத்தோடு பிழைத்திருக்கின்றன. எனினும் வரிசையில் நிற்கும் கல் யாரைப் பார்க்கிறது? அடுத்த கல்லைப் பார்க்கிறது. தான் காத்த ஊரையும், மாடுகள் ஓட்டிச்செல்லப்பட்ட கணவாயையும் அது பார்ப்பதில்லை. மண்ணுக்குள் இருக்கவென்று செதுக்காமல் விட்ட அதன் அடிப்பகுதிக்கு அங்கே வேலையில்லை.

இன்னொரு புறம், ஊர்களில் இன்றும் நிற்கும் கற்கள். அவை பல இடங்களில் வேடியப்பன். எண்ணெய் பூசி, மஞ்சளும் குங்குமமும் இட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அப்பெயர் வைக்கிறார்கள். எங்கள் பகுதிக் கல்லூரிகளின் வருகைப் பதிவேடுகளில் வேடியப்பன் இல்லாத ஆண்டு அரிது. எண்ணெய்ப் பிசுக்கில் எழுத்து மறைகிறது, சில இடங்களில் வண்ணப்பூச்சில் உருவமே மாறிவிடுகிறது என்பது ஆய்வாளரின் நியாயமான வருத்தம். ஆனால் எழுத்தைப் படிக்கத் தெரியாத அந்தக் கைகள்தாம் கல்லை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதே இடத்தில் நிற்கச் செய்தன. எழுத்தை அகழ்வைப்பகம் காத்தது. இடத்தை வேடியப்பன் காத்தான்.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை. வழிபாட்டில் உள்ள கல்லை அங்கேயே விட்டு, எழுத்தைப் படியெடுத்துக்கொள்ளலாம். பெயர்த்தே ஆகவேண்டிய கல் என்றால், அது எத்திசை நோக்கி நின்றது, ஏரிக்கும் பாதைக்கும் எவ்வளவு தொலைவில் இருந்தது என்பதை எழுத்துக்கு இணையான சான்றாகப் பதிந்துவைக்க வேண்டும். கல் இருந்த இடத்தில், இங்கே இன்னான் பட்டான் என்று சொல்லும் ஓர் எளிய கல்லை ஊரார் கையாலேயே ஊன்றச் செய்யலாம். நடும் கல் என்ற எதிர்காலம் அந்தத் தொகைச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.