பழுப்புக் குறுமீன்களின் எக்ஸ் கதிர்ச் சுடர்வெடிப்புகள்

பழுப்புக் குறுமீன் என்பது விண்மீனுக்கும் கோளுக்கும் இடைப்பட்ட வான்பொருள். நிறை வியாழனைப்போல் சுமார் 13 முதல் 75 மடங்கு வரை இருக்கும். எலக்ட்ரான்களின் நெருக்கத்தால் எழும் அழுத்தம் மேற்கொண்டு சுருங்க விடாமல் தடுப்பதால், நடுப்பகுதி ஹைட்ரஜன் இணைவு நீடிக்கும் அளவுக்குச் சூடேறுவதில்லை. 1960களின் தொடக்கத்தில் இதைக் கணக்கிட்டவர் இந்தியாவில் பிறந்த ஷிவ் குமார். இதே அழுத்தத்தை வெண்குறுமீன்களில் ஆராய்ந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். பழுப்புக் குறுமீனின் எக்ஸ் கதிர்ச் சுடர்வெடிப்பை முதலில் கண்டதும் அவர் பெயர் தாங்கிய சந்திரா விண்தொலைநோக்கிதான்.

1999 டிசம்பர் 15 அன்று சந்திரா, எல்பி 944-20 என்ற குறுமீனை ஏறத்தாழ 12 மணிநேரம் நோக்கியது. முதல் ஒன்பது மணிநேரம் எக்ஸ் கதிரே இல்லை. பிறகு திடீரென ஒளிர்ந்து, இரண்டு மணிநேரத்தில் அடங்கிவிட்டது. வெளியான ஆற்றல் சூரியனின் சிறியதொரு சுடர்வெடிப்புக்கு ஒப்பானது. இக்குறுமீன் ஃபோர்னாக்ஸ் மண்டலத்தில், சுமார் 21 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள கோலா தெர்லாவிலிருந்து டிசம்பர் இரவில் பார்த்தால் அந்த இடம் தென்வானில் 50 பாகை உயரம்வரை ஏறும். மேகம் விலகினாலும் வெறுங்கண்ணுக்குக் குறுமீன் தெரியாது.

எக்ஸ் கதிரை எழுப்புவது காந்தப்புலம். உள்ளே கொதித்துப் புரளும் பொருளும் வேகமான தற்சுழற்சியும் அதை உண்டாக்குகின்றன. முறுக்கேறிய புலக்கோடுகள் அறுந்து மீண்டும் இணையும்போது வாயு பல இலட்சம் பாகைக்குச் சூடாகிறது. வயது கூடக்கூட மேல்வளி குளிர்ந்து, அதில் மின்னேற்றத் துகள்கள் குறைந்துவிடுகின்றன. அதனால் காந்தப்புலம் வாயுவோடு பிணைந்து முறுக்கேறுவது கடினம். ஒன்பது மணிநேர அமைதிக்கு இதுவே பொருத்தமான விளக்கம். இளங்குறுமீன்களில் நிலைமை வேறு: சுமார் 1.2 கோடி ஆண்டே வயதான டிடபிள்யூஏ 5பி வெடிப்பு இல்லாதபோதும் எக்ஸ் கதிரை உமிழ்கிறது.

விண்மீன்களில் எக்ஸ் கதிரும் ரேடியோ அலையும் ஒரு விகிதத்தில் சேர்ந்தே வருவது வழக்கம். எல்பி 944-20 இதற்கு அடங்கவில்லை. 2001இல் வெளியான ஆய்வின்படி, அதன் ரேடியோ ஒளிர்வு எதிர்பார்த்ததைவிட 10,000 மடங்குக்கும் மேல்.

விண்மீன் எல்லையை ஒட்டிய ஜே0331-27 என்ற வான்பொருளின் நிறை சூரியனில் சுமார் 8 விழுக்காடு. மேற்பரப்பு வெப்பம் 2,100 கெல்வின் மட்டுமே. 2008 ஜூலை 5 அன்று எக்ஸ்எம்எம்-நியூட்டன் விண்தொலைநோக்கி பதிவுசெய்த அதன் வெடிப்போ சூரியனின் மிகக் கடுமையான வெடிப்புகளைவிடப் பத்து மடங்கு வலியது. மொத்தம் 40 நாள் அளவுக்கு நோக்கியதில் இது ஒன்றுதான் கிடைத்தது. சிறு வெடிப்புகள் தட்டுப்படவில்லை. ஆற்றல் மெல்லச் சேர்ந்து ஒரேயடியாக வெளியாகிறது என்பது ஆய்வாளர்களின் ஊகம்.