எஞ்சின் மாற்றம்: பழைய மோட்டார் கார்களில்

பழைய மோட்டார் காரொன்றில், அதனை உருவாக்கிய தொழிற்சாலை அமைத்தனுப்பிய எஞ்சினை அகற்றிவிட்டு, வேறு கம்பெனியையோ வேறு காலத்தையோ சேர்ந்த எஞ்சினை அவ்விடத்தில் பொருத்தும் வேலை எஞ்சின் மாற்றம் எனப்படும். தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து புதுப் பிஸ்டன்களை இடுவதும், அதே மாதிரி எஞ்சினை வேறொரு வண்டியிலிருந்து எடுத்து மாட்டுவதும் பராமரிப்பின்பாற்படுமேயன்றி இதில் அடங்கா. வேகத்தின்மேல் கொண்ட மோகம் ஒருபுறமும், உதிரிப் பாகங்கள் கிடையாத நிர்ப்பந்தம் மற்றொருபுறமும் இவ்வழக்கத்தை வளர்த்தன. பழமையைப் போற்றும் ரசிகர்களிற் பலர் இரண்டையும் ஒரே குற்றமாகப் பாவித்துத் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இம்மாற்றங்களின் சரித்திரத்தைச் சற்று ஊன்றி நோக்குவோருக்கு அத்தீர்ப்பு அவசரத்தில் பிறந்தது என்பது புலனாகும்.

முதல் உலக யுத்தம் முடிந்தபின், விமானங்களுக்கென்று செய்யப்பெற்ற பெரிய எஞ்சின்கள் வேலையற்றுக் கிடக்கவே, இங்கிலாந்தில் வாழ்ந்த லூயி ஸ்பொரொவ்ஸ்கி என்னும் பிரபு, பழைய மெர்ஸிடிஸ் சேஸிஸ் ஒன்றில் 23 லிட்டர் கொள்ளளவுள்ள மேபாக் விமான எஞ்சினை ஏற்றி, 1921-ல் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தில் ஓட்டிப் பிரசித்தி பெற்றார். 'சிட்டி பாங் பாங்' என்பது அக்காரின் பெயர். 27 லிட்டர் லிபர்டி எஞ்சினைக் கொண்டு அவர் அமைத்த மற்றொரு கார், அவர் மறைந்தபின் பாரி தாமஸ் என்ற பொறியாளர் கைக்கு வந்து, 'பாப்ஸ்' என்னும் நாமத்துடன் 1926-ல் வேல்ஸ் நாட்டுப் பெண்டைன் கடற்கரையில் மணிக்கு ஏறக்குறைய 275 கிலோமீட்டர் வேகத்தை எட்டி உலக சாதனை புரிந்தது; மறு ஆண்டு அதே மணற்பரப்பில் அவர் உயிரையும் வாங்கியது. இவ்விரு கார்களையும் கலப்படம் என்று இன்று எவரும் இகழ்வதில்லை.

அமெரிக்காவில் இவ்வழக்கம் செல்வர்களிடமிருந்தன்றிக் கையில் காசில்லாத வாலிபர்களிடமிருந்தே பரவிற்று. ஃபோர்டு கம்பெனியார் 1932-ல் எட்டுச் சிலிண்டர்களையும் ஒரே வார்ப்பில் அமைத்து, 65 குதிரைச் சக்தியுள்ள வி-8 எஞ்சினைச் சாமானியர் வாங்கக்கூடிய விலையில் வெளியிட்டனர். விபத்தில் நொறுங்கிய கார்களிலிருந்து அதனைக் கழற்றி, அதற்கு முந்திய மாடல்-டி, மாடல்-ஏ வண்டிகளின் இலேசான உடலிற் பொருத்தித் தெற்குக் கலிபோர்னியாவின் வற்றிய ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்ப்பது அவ்வாலிபர்களின் பொழுதுபோக்கு. 'ஹாட் ராட்' என வழங்கும் இவ்வகைக் கார்களில், 1955-ல் ஷெவர்லே கம்பெனியின் 4.3 லிட்டர் வி-8 வந்தபின் ஃபோர்டு எஞ்சினின் ஆதிக்கம் குன்றிற்று. ஃபோர்டு காரில் ஷெவர்லே எஞ்சினா என்று அக்காலத்திலேயே முகஞ்சுளித்தவர்கள் உண்டு. ஆயினும், அடக்கமான உருவமும் மலிவான விலையும் எங்கும் கிடைக்கும் உதிரிப் பாகங்களும் அவர்களுடைய ஆட்சேபணையை எளிதில் வென்றுவிட்டன.

பிரிட்டனில் நிகழ்ந்ததோ விநோதமானது. அங்கே எஞ்சின் மாற்றத்தைத் தொழிற்சாலைகளே மேற்கொண்டன. ஸிட்னி அல்லார்ட் என்னும் கார் உற்பத்தியாளர் தம் காரில் அமெரிக்கக் காடிலாக் எஞ்சினை ஏற்றி 1950-ல் லெமான் பந்தயத்தில் மூன்றாமிடம் பெற்றார். பிரிஸ்டல் கம்பெனியார் தம் ஆறு சிலிண்டர் எஞ்சினின் உற்பத்தியை நிறுத்தவே திகைத்து நின்ற ஏ.ஸி. கம்பெனிக்கு, கரோல் ஷெல்பி என்ற அமெரிக்கப் பந்தய வீரர் ஃபோர்டு வி-8 எஞ்சினைக் கொண்டுவந்து சேர்க்க, 1962-ல் கோப்ரா பிறந்தது. ஸன்பீம் அல்பைன் என்னும் சிறு காரில் அதே ஃபோர்டு எஞ்சினை நுழைத்து 1964-ல் வெளியிட்ட டைகரின் கதை இன்னும் சுவையானது. இடநெருக்கடி காரணமாக அதன் ஸ்டீரிங் அமைப்பையே வேறு வகையாக மாற்ற வேண்டியதாயிற்று. ஏற்கெனவே வர்ணம் பூசிய உட்சுவரைச் சம்மட்டியால் அடித்து ஒடுக்கி, எஞ்சினுக்கு வழிசெய்தார்களாம் தொழிலாளர்கள். ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுவதற்குக் காரினுள்ளே கால்வைக்கும் இடத்தில் துவாரமிட்டு ரப்பர் மூடி போட வேண்டியிருந்தது. இத்தனை பிரயத்தனத்துடன் உருவான கார், அதனைச் செய்த கம்பெனி கிறைஸ்லர் வசமானதும் 1967-ல் நின்றுபோயிற்று. போட்டியாளரான ஃபோர்டின் எஞ்சினை விற்கக் கிறைஸ்லருக்கு மனமில்லை, அவர்களுடைய சொந்த வி-8 எஞ்சினோ, டிஸ்ட்ரிபியூட்டர் பின்புறம் அமைந்திருந்தமையால், அவ்விடத்தில் அடங்கவில்லை. எம்.ஜி. கம்பெனியார் 1973 முதல் 1976 வரை, அலுமினியத்தாலாகிய ரோவர் வி-8 எஞ்சினைத் தம் எம்.ஜி.பி. ஜி.டி. காரில் வைத்து 2,591 வண்டிகளை விற்றனர். எட்டுச் சிலிண்டர் கொண்ட அவ்வலுமினிய எஞ்சின், நான்கு சிலிண்டர் கொண்ட பழைய வார்ப்பிரும்பு எஞ்சினைவிடப் பாரமானதன்று என்பதே அம்மாற்றத்தின் விசேஷம்.

பாரம் இக்கலையில் முதலாவது விசாரணைக்குரியது. முன் அச்சின்மேல் மிகுபாரம் ஏறினால் ஸ்பிரிங் அமிழும், ஸ்டீரிங் கனக்கும், வளைவுகளில் வண்டி சொன்னபடி திரும்பாது. எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் இடித்தால் தொட்டியை வெட்டி உருமாற்ற நேரும். எஞ்சினையும் பழைய கியர்பாக்ஸையும் இணைக்க லேத் பட்டறையில் கடைந்தெடுக்கும் இடைத்தகடு, இரண்டின் மையங்களையும் நூலிழை பிசகாமல் நேர்கோட்டில் நிறுத்தவேண்டும்; பிசகினால் கிளட்சும் பேரிங்கும் விரைவில் பாழாகும். புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டியோ நீட்டியோ மறுபடி பாலன்ஸ் செய்தாக வேண்டும். சுழற்சி மெதுவான டீசல் எஞ்சினைப் பொருத்துவோர் பின் அச்சின் பல்விகிதத்தையும் மாற்றாவிடில், வண்டி இரைச்சலிடுமேயன்றி வேகம் பிடிக்காது. ஆறு வோல்ட் மின்னமைப்பைப் பன்னிரண்டாக்குவதும், ரேடியேட்டரைப் பெரிதாக்குவதும் பட்டறைக்காரர்களுக்குப் பழகிய வேலைகள். அவர்களிற் பெரும்பாலோர் அசட்டை செய்வது பிரேக்கை. 40 குதிரைச் சக்திக்கென அமைத்த டிரம் பிரேக்கை நம்பி 200 குதிரைச் சக்தியை ஓடவிடுவது சாமர்த்தியமன்று, மதியீனம்.

நிர்ப்பந்தத்தால் நிகழ்ந்த மாற்றத்திற்கு க்யூபாவினும் சிறந்த உதாரணம் கிடையாது. 1959-ஆம் ஆண்டுப் புரட்சியையும், அதன்பின் அமெரிக்கா விதித்த வர்த்தகத் தடையையும் அடுத்து, ஹவானா வீதிகளில் எஞ்சிய ஷெவர்லே, ப்யூக், ப்ளிமத் கார்களுக்கு ஓர் உதிரிப் பாகமேனும் நேர்வழியில் வருவது நின்றது. அந்நாட்டு மெக்கானிக்குகள் முதலில் ஸோவியத் வோல்கா எஞ்சின்களையும், பிற்காலத்தில் ஜப்பானிய, கொரிய டீசல் எஞ்சின்களையும் அவற்றின் பானெட்டுக்குள் அமர்த்தி, வாடகைக் கார்களாக ஓட்டிக் குடும்பம் நடத்தினர். நம் நாட்டிலும் டீசல் விலை பெட்ரோலைவிடக் குறைந்திருந்த காலத்தில், பெரிய அமெரிக்கக் கார்கள் சில பெர்கின்ஸ் போன்ற டீசல் எஞ்சின்களை ஏற்று டாக்ஸிகளாக ஆயுளைக் கழித்தன. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியாரே, வாக்ஸால் விக்டரின் பெரிய உடலமைப்பைக் கொண்ட கான்டெஸாவை அம்பாஸடரின் 1,489 சி.சி. எஞ்சினோடு 1984-ல் வெளியிட்டு, அது இழுக்கத் திணறியமையால் பிறகு 1.8 லிட்டர் இஸுஸு எஞ்சினுக்கு மாறினர். 1990-களில் அம்பாஸடருக்கும் அதே எஞ்சின் வந்தது. வண்டியை ஓடவைத்துச் சோறுண்டவர்களின் கைவேலையைச் சரித்திரத்துக்குச் செய்த துரோகம் என்பது அடாது. அவ்வேலையே அவ்வண்டியின் சரித்திரம்.

இக்கூற்று, ஒரிஜினல் எஞ்சின் நலமாக உள்ள அபூர்வமான காரை வெறும் வேகத்துக்காக இன்று பிரிப்பதற்குப் பொருந்தாது. சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் தொழிற்சாலைக் குறிப்போடு ஒத்திருக்கும் காருக்குச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. ஒருமுறை இழந்த அவ்வொருமையைப் பணங்கொடுத்து மீட்பது மிகக் கடினம். 1966-ல் தோன்றிய சர்வதேசப் பழங்கார் சம்மேளனமாகிய ஃபீவா, பழைய கார்களை மின்சாரத்துக்கு மாற்றுவதைத் தான் ஊக்குவிக்க இயலாதென்றும், மாற்றத்தான் வேண்டுமாயின் பின்னொருநாள் பழைய நிலைக்குத் திருப்பக்கூடியதாக அது அமைய வேண்டுமென்றும், கழற்றிய பாகங்கள் யாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டுமென்றும் கூறியிருக்கிறது. ஜாகுவார் கம்பெனி 2017-ல் காட்டிய மின்சார ஈ-டைப், பழைய எஞ்சினின் அளவையும் எடையையும் ஒட்டி மின்கலத்தை அமைத்தது இந்நோக்கத்துக்கு அனுகூலமானதே.

சட்டங்கள் இவ்விஷயத்தில் ஒருமுகப்பட்டவை அல்ல. பெருமாற்றம் பெற்ற கார் பழைய பதிவெண்ணை வைத்துக்கொள்ளலாமா என்று தீர்மானிக்கப் பிரிட்டனில் நெடுங்காலம் வழங்கிய முறையில் எட்டு மதிப்பெண்கள் தேவைப்பட்டன. சேஸிஸுக்கு ஐந்து மதிப்பெண் தந்த அம்முறை எஞ்சினுக்கு ஒன்றே தந்தது. இந்தியாவில் 2021-ல் வெளியான விதிகள், ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு 'வி.ஏ.' என்னும் தனிக் குறியுடன் பதிவெண் வழங்குகின்றன. சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் பெற்ற வாகனத்துக்கு அச்சலுகை இல்லை. ஆதலின் பாட்டனார் காலத்துக் காரில் வேறு எஞ்சினை ஏற்ற நினைப்பவர், கழற்றிய எஞ்சினைக் காயலான் கடைக்கு நிறுத்துக் கொடுத்துவிடாமல், எண்ணெய் பூசி, அதன் எண்ணைக் குறித்து, கொட்டகையில் ஒரு மூலையில் வைத்துக்கொள்வாராக.